உயிர்ப் புறாவும் மண் புறாவும்

தோட்டப்புறத்துக் கோவில் திருவிழாக்களைப் பார்த்துப் பழகியவர்கள் ஒன்றை அறிவர். முன்னாளில் கிடா வெட்டிய இடத்தில் இந்நாளில் பல கோவில்களில் பூசணிக்காயை வெட்டுகின்றனர். காயைத் துளையிட்டு உள்ளே குங்குமத்தைத் தூவி வைப்பர். ஓங்கிய கத்தி இறங்கியதும் செந்நிறம் தெறிக்கும். அதனையும் நாம் 'காவு கொடுத்தல்' என்றே சொல்லி வருகிறோம். உயிர்ப்பலி நின்றது, அதற்குரிய சொல் மட்டும் நின்றபாடில்லை.

உயிருள்ளதன் இடத்தில் உயிரற்ற ஒன்றை வைத்து, வழக்கத்தையும் விடாமல் கொலையையும் தவிர்க்கும் இம்முறை சமயத்துக்கு மட்டும் உரியதன்று. விளையாட்டு உலகிலும் இதற்கு ஓர் அரிய சான்று உண்டு. இன்று ஒலிம்பிக் விழாவில் நடைபெறும் 'மண் புறாச் சுடுதல்' என்னும் போட்டியே அது. ஒரு காலத்தில் உயிருள்ள புறாக்களைக் கூண்டிலிருந்து பறக்கவிட்டுச் சுட்டு வீழ்த்திய ஆட்டம், ஓடு போன்ற ஒரு வட்டைச் சுடும் ஆட்டமாக மாறிய வரலாறு, மனிதனின் இரக்கம் எப்போது விழிக்கிறது, எதனால் விழிக்கிறது என்பதை நமக்குக் காட்டுகிறது.

ஆட்டம் யாது?

முதலில் ஆட்டத்தின் இயல்பைப் பார்ப்போம். இதற்குப் பயன்படுவது ரவைத் துப்பாக்கி. சாதாரணத் துப்பாக்கியில் ஒரே குண்டு செல்லும். ரவைத் துப்பாக்கியிலோ ஒரு தோட்டாவுக்குள் கடுகையொத்த சிறு ஈயமணிகள் பல அடைக்கப்பட்டிருக்கும். சுட்டதும் அவை விரிந்து பரவிச் செல்லும். ஒலிம்பிக் போட்டியில் ஒரு தோட்டாவில் 24 கிராம் ஈயத்துக்கு மேல் இருத்தல் கூடாது. ஒரு மணியின் குறுக்களவு 2.6 மில்லிமீட்டரைத் தாண்டலாகாது. இக்கணக்கின்படி ஒரு தோட்டாவில் ஏறத்தாழ 250 முதல் 300 மணிகள் வரை இருக்கும்.

துப்பாக்கியின் அளவை '12' என்று குறிப்பர். இதன் பொருள் பலருக்கும் விளங்குவதில்லை. ஒரு பவுண்டு ஈயத்தைப் பன்னிரண்டு சம உருண்டைகளாக்கினால், அவற்றுள் ஓர் உருண்டை எந்தக் குழலுக்குள் சரியாகப் பொருந்துமோ அந்தக் குழலே 12ஆம் அளவுக் குழல். எண் பெரிதாகப் பெரிதாகக் குழல் சிறிதாகும் என்பது இதனால் புலப்படும்.

குறியாக வைப்பது, கவிழ்த்து வைத்த தேநீர்த் தட்டைப் போன்ற ஒரு வட்டு. அதன் குறுக்களவு 110 மில்லிமீட்டர். எடை 105 கிராம். மண் புறா என்பது பெயரே ஒழிய, அதில் இன்று களிமண் இல்லை. சுண்ணாம்புக்கல் தூளையும் கீலையும் கலந்து அச்சில் வார்த்துச் செய்கின்றனர். பள்ளத்துள் மறைந்திருக்கும் எறிபொறி இவ்வட்டை மணிக்கு நூறு கிலோமீட்டருக்கு மேற்பட்ட வேகத்தில் வானில் எறியும். சுடுபவர் குரல் கொடுத்தவுடன் வட்டு பாயும். அது எத்திசையில் பாயும் என்பதை அவர் முன்கூட்டி அறியார்.

பறக்கும் பொருளைச் சுடுவதில் ஒரு கணக்கு அடங்கியுள்ளது. வட்டு நமக்குக் குறுக்காக வினாடிக்கு 20 மீட்டர் வேகத்தில் பறக்கிறது என்று கொள்வோம். ரவை அதனைச் சென்றடைய வினாடியில் பத்தில் ஒரு பங்கு நேரம் ஆகும் என்றும் கொள்வோம். அதற்குள் வட்டு 2 மீட்டர் நகர்ந்துவிடும். எனவே வட்டை நோக்கிச் சுட்டவன் வட்டு இருந்த இடத்தைச் சுட்டவனாவான். வட்டு வரப்போகும் இடத்தைச் சுடுபவனே வெல்வான். இக்கணக்கை எழுதிப் போட நேரமில்லை. கண்ணும் கையும் தாமே போட்டு முடிக்கவேண்டும். இதுவே இவ்விளையாட்டின் உயிர்நிலை.

தொப்பியின் கீழ் ஒரு புறா

இவ்வாட்டம் இங்கிலாந்தில் உயிர்ப் புறாவைக் கொண்டு தோன்றியது. 18ஆம் நூற்றாண்டின் இறுதியிலும் 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலும் அங்குள்ள செல்வர்கள் புறாச் சுடும் சங்கங்களை அமைத்தனர். லண்டனுக்கு மேற்கேயுள்ள ஈலிங் என்னுமிடத்தில், தரையில் குழி தோண்டிப் புறாவை அதற்குள் வைத்துப் பழைய தொப்பியால் மூடிவிடுவர் என்றும், கயிற்றை இழுத்ததும் தொப்பி விலகிப் புறா எழும் என்றும் கூறுவர். பிறகு தொப்பி போய்ப் பெட்டி வந்தது. அப்பெட்டியை 'டிராப்' என்றனர். பொறி என்பது அதன் பொருள். சுடுபவர் 'புல்' என்று கூவுவார். இழு என்பது பொருள். கயிறு பிடித்து நிற்பவர் இழுப்பார், பெட்டியின் பக்கங்கள் சாயும், புறா சிறகடித்து எழும், வெடி முழங்கும்.

1869இல் லண்டனில் ஹர்லிங்ஹாம் சங்கம் புறாச் சுடுவதற்கென்றே தொடங்கப்பட்டது. இளவரசர்களும் பிரபுக்களும் அங்கே கூடினர். மொனாக்கோ நாட்டு மான்டி கார்லோவில் கடலை அடுத்த மைதானத்தில் ஐரோப்பியச் செல்வர்கள் பெரும்பணம் வைத்துப் புறாச் சுட்டனர். ஒரு நாளில் எத்தனை புறாக்கள் விழுந்தன என்பதே அவர்கள் பேச்சு.

புறா என்றதும் தமிழர் நெஞ்சில் வேறொரு காட்சி தோன்றும். பருந்துக்கு அஞ்சித் தன்பால் வந்தடைந்த புறாவுக்கு ஈடாகத் தன் தசையையே அரிந்து துலையில் வைத்த சிபியைச் சோழர்குடி முன்னோன் என்று சங்கப் புலவர்கள் போற்றினர். அத்துலையில் ஒரு தட்டில் புறா. மறு தட்டில் அதற்குப் பதிலாக வேறொன்று. புறாவுக்குப் பதில் எதை வைப்பது என்ற அதே வினா, 19ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதிக்குப் பின் சுடும் களத்திலும் எழுந்தது.

கண்ணாடி உருண்டைகள்

புறாவுக்கு முதலில் வைத்த பதில் கண்ணாடி உருண்டை. 1866இல் அமெரிக்காவின் பாஸ்டன் நகரத்தைச் சேர்ந்த சார்லஸ் போர்ட்லாக் என்பவர் கண்ணாடி உருண்டைகளை எறியும் முறையை அறிமுகப்படுத்தினார். அதே 1866ஆம் ஆண்டில் நியூயார்க்கில் ஹென்றி பெர்க் என்பவர் விலங்குகளுக்குக் கொடுமை செய்வதைத் தடுக்கும் சங்கத்தை நிறுவினார். புறாச் சுடுதலைக் கடுமையாக எதிர்த்தவர்களுள் அவர் முதன்மையானவர்.

தொடக்கத்தில் இம்முறை பெரிதும் எடுபடவில்லை. பொறி உருண்டையை நேரே மேல்நோக்கி எறிந்தது, குறி எளிதாயிற்று. உருண்டையின் மேற்பரப்பு வழுவழுப்பாக இருந்ததால் ஈயமணிகள் வழுக்கிச் சென்றன. இக்குறைகளைக் களைந்தவர் இல்லினாய் மாநிலத்துக் கேப்டன் ஆடம் போகார்டஸ். அக்காலத்தில் பறவை சுடுவதில் பெயர் பெற்ற வீரர் அவர். 1877இல் உருண்டையை வளைவாக வீசும் பொறியை அவர் அமைத்தார். உருண்டைக்கும் வரிவரியான சொரசொரப்பைக் கொடுத்தார். சில உருண்டைகளுக்குள் இறகுகளை அடைத்து வைப்பதும் உண்டு. உடைந்ததும் இறகுகள் காற்றில் மிதக்கும். கூடியிருப்போருக்குப் பறவை விழுந்தாற் போன்ற தோற்றம் கிட்டும். பூசணிக்குள் குங்குமம் வைக்கும் நம் வழக்கத்தோடு இதனை ஒப்பிட்டுப் பார்க்க. பதிலாக வைத்த பொருள் பழையதைப் போலவே தோன்றவேண்டும் என்னும் ஆவல் எல்லா நாட்டினருக்கும் பொதுவானது போலும்!

ஓஹாயோ மாநிலத்தில் வறிய குடும்பத்திற் பிறந்து, சிறு வயதில் வேட்டையாடி வீட்டுக்கு உதவிய ஆனி ஓக்லி அம்மையார் (1860–1926) கண்ணாடி உருண்டைகளைச் சுட்டு உலகப் புகழ் எய்தினார். குறிபார்க்கும் ஆற்றல் ஆடவரின் தனியுடைமை அன்று என்பதை அவர் அன்றே மெய்ப்பித்தார். ஆயினும் களமெங்கும் உடைந்த கண்ணாடி சிதறுவது பெரும் தொல்லையாயிற்று. அன்றியும் உருண்டை பறவையைப் போல் மிதந்து செல்வதில்லை, ஏறியதும் இறங்கிவிடும்.

சின்சினாட்டி நகரத்தின் இரு செய்திகள்

இத்தொல்லைக்குத் தீர்வு கண்டவர் ஓஹாயோ மாநிலம் சின்சினாட்டி நகரத்தைச் சேர்ந்த ஜார்ஜ் லிகௌஸ்கி. சிறுவர்கள் தட்டையான சிப்பிகளை நீர்மேல் வீசி அவை தத்திச் செல்வதைக் கண்டு மகிழ்வதை அவர் கவனித்தார் என்பர். நாமும் குளத்தில் ஓட்டாஞ்சில்லு எறிந்தவர்கள்தாமே! தட்டையான பொருள் சுழன்றுகொண்டே சென்றால் காற்று அதனைத் தாங்கும் என்னும் உண்மையை அவர் பற்றிக்கொண்டார். களிமண்ணால் கிண்ணம் போன்ற வட்டைச் செய்து சூளையில் சுட்டெடுத்து, சுழற்றி எறியும் பொறியையும் அமைத்தார். 1880இல் அதற்கு அரசினரிடம் காப்புரிமை பெற்றார். மண் புறா பிறந்தது.

முதல் மண் புறாக்கள் மிகக் கெட்டியாயிருந்தன. ஈயமணி பட்டால் மணி ஒலிப்பது போல் ஓசை எழுமேயன்றி வட்டு உடைவதில்லை. பின்னர் கீலும் சுண்ணாம்புக்கல் தூளும் சேர்ந்த கலவை வந்து இக்குறையைப் போக்கிற்று. எறியும்போது உடையாமல், ஒரு மணி பட்டாலும் நொறுங்கும்படியான பக்குவம் அக்கலவைக்கு உண்டு. 1883இல் போகார்டசும் அவருடைய பெரும் போட்டியாளரான டாக்டர் கார்வரும் ஊர் ஊராகச் சென்று 25 போட்டிகளில் மண் புறாக்களைச் சுட்டனர். பெரும்பாலான போட்டிகளில் கார்வரே வென்றார். மண் புறாவின் புகழும் ஊர் ஊராகப் பரவியது.

இங்கே வாசகர்கள் வேறொரு புறாவின் கதையையும் அறிதல் வேண்டும். வட அமெரிக்காவில் 'வழிப்போக்குப் புறா' என்று ஓர் இனம் இருந்தது. 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அதன் தொகை 300 கோடிக்குக் குறையாது என்று அறிஞர்கள் மதிப்பிடுகின்றனர். ஒரு கூட்டம் வானைக் கடந்து செல்ல மணிக்கணக்காகும். பகலவன் மறைந்து நிழல் படரும். தந்தி வந்தபின் புறாக்கள் எங்கே கூடு கட்டியுள்ளன என்னும் செய்தி உடனுக்குடன் வேட்டையாளருக்கு எட்டிற்று. புகைவண்டி வந்தபின் கொன்ற புறாக்களைப் பீப்பாய் பீப்பாயாக நகரங்களுக்கு அனுப்ப முடிந்தது. காடுகளும் அழிந்தன. உணவுக்காகக் கொன்றவை போக, உயிரோடு வலையில் பிடித்துச் சுடும் போட்டிகளுக்கு அனுப்பியவையும் ஏராளம்.

1881இல் நியூயார்க்கை அடுத்த கோனித் தீவில் நடந்த ஒரு போட்டிக்குச் சுமார் 20,000 வழிப்போக்குப் புறாக்களைக் கொண்டு வந்தனர். அதனை நடத்தியது யார் தெரியுமா? மீன்களையும் வேட்டைப் பறவை விலங்குகளையும் பாதுகாப்பதற்கென்றே பெயர் வைத்துக்கொண்ட ஒரு மாநிலச் சங்கம்! லிகௌஸ்கி காப்புரிமை பெற்றதற்கு மறு ஆண்டு இது நிகழ்ந்தது என்பதை நினைவிற் கொள்க. பதில் கையில் இருந்தது. எடுத்து வைக்க மனம் இல்லை.

20ஆம் நூற்றாண்டு பிறந்தபோது காட்டில் அப்புறாவைக் காண்பதே அரிதாயிற்று. எஞ்சிய கடைசிப் புறாவை ஒரு விலங்குக்காட்சிச் சாலையில் வைத்திருந்தனர். 'மார்த்தா' என்பது அதன் பெயர். 1914ஆம் ஆண்டு செப்டம்பர் 1ஆம் நாள் அது இறந்தது. அதன் உடலைப் பனிக்கட்டிக்குள் உறையவைத்து வாஷிங்டன் நகரத்துப் பொருட்காட்சி நிலையத்துக்கு அனுப்பினர். மார்த்தா இறந்த ஊர் சின்சினாட்டி.

மண் புறா பிறந்த ஊரிலேயே, 34 ஆண்டுகள் கழித்து, வழிப்போக்குப் புறாவின் கடைசி உயிர் பிரிந்தது. எந்தக் கதாசிரியனும் இவ்வாறு புனையத் துணியான். சுடும் போட்டிகள் மட்டுமே அவ்வினத்தை அழித்தன என்று கூறுவது பிழை. உணவு வாணிபமும் காடழிவுமே பெருங்காரணங்கள். ஆயினும் இரக்கம் கண்டுபிடித்த கருவி, இரங்கத்தக்க உயிருக்கு உரிய நேரத்தில் போய்ச் சேரவில்லை என்பது மறுக்க முடியாத உண்மை.

பாரிஸ் நகரில் இரு புறாக்கள்

1900ஆம் ஆண்டு பாரிஸ் ஒலிம்பிக் விழாவின்போது இருவகைப் போட்டிகளும் நடந்தன. உயிர்ப் புறாப் போட்டியில் பெல்ஜியம் நாட்டு லெயோன் டி லுண்டன் 21 புறாக்களை வீழ்த்தி முதலிடம் பெற்றார். அப்போட்டியில் ஏறத்தாழ 300 புறாக்கள் மாண்டன. அதனை ஒலிம்பிக் போட்டியாகக் கணக்கிடலாமா என்பதில் வரலாற்றாசிரியரிடையே கருத்து வேற்றுமை உண்டு. அந்த விழாவிலேயே மண் புறாப் போட்டியும் நடந்தது. பிரெஞ்சுக்காரரான ரோஜே டி பார்பரன் வென்றார். ஒரே நகரத்தில் பழையதும் புதியதும் சந்தித்துக்கொண்டன. அதன்பின் உயிர்ப் புறா ஒலிம்பிக் பக்கம் திரும்பியதே இல்லை.

அமெரிக்காவின் மாபெரும் போட்டியான 'கிராண்ட் அமெரிக்கன்' 1893இல் உயிர்ப் புறாக்களைக் கொண்டே தொடங்கியது. 1900இல் மண் புறாவும் அதில் இடம் பெற்றது. 1902க்குப் பின் உயிர்ப் புறா நின்றது. ஹர்லிங்ஹாம் சங்கம் 1905இல் புறாச் சுடுதலைக் கைவிட்டது. 1921இல் இங்கிலாந்தின் பாராளுமன்றம், பிடித்து வைத்த பறவைகளைப் பறக்கவிட்டுச் சுடுவதைச் சட்டத்தால் தடை செய்தது.

இம்மாற்றத்துக்கு இரக்கம் ஒன்றே காரணமா? அவ்வாறு சொல்லிவிட்டால் கேட்க இனிமையாயிருக்கும். ஆனால் முழு உண்மை ஆகாது. புறாக்கள் அருகின, விலை ஏறிற்று. செல்வர் மட்டுமே ஆடக்கூடிய ஆட்டமாக அது இருந்தது. மண் புறாவோ மலிவானது. அதனைக் கொண்டு ஊர்தோறும் சங்கம் தொடங்க முடிந்தது. இவற்றுக்கும் மேலான காரணம் ஒன்று உண்டு. ஒரு புறா அம்பெனப் பாயும். மற்றொன்று சோம்பி எழும். இருவருக்கு இருவேறு புறாக்கள் கிடைத்தால் வென்றவர் திறமையால் வென்றாரா, புறாவால் வென்றாரா என்று எவ்வாறு தீர்ப்பது? மண் புறாவுக்கு எங்கும் ஒரே எடை, ஒரே அளவு. ரோமாபுரியில் 25க்கு 25 எடுத்தவரையும் தோக்கியோவில் 25க்கு 25 எடுத்தவரையும் ஒப்பிடலாம். தேர்வு நடத்தும் ஆசிரியருக்கு இதன் அருமை நன்கு விளங்கும். வினாத்தாள் ஒன்றாயிருந்தாலன்றோ மதிப்பெண்ணுக்குப் பொருள் உண்டு! இரக்கம் கதவைத் தட்டிற்று. சிக்கனமும் நேர்மையான அளவும் சேர்ந்து கதவைத் திறந்தன.

கோழிப் பண்ணையால் வந்த மாற்றம்

இன்று ஒலிம்பிக்கில் 'டிராப்', 'ஸ்கீட்' என்னும் இரு வகைகள் உள்ளன. டிராப் பழைய பெட்டியின் நேர் வாரிசு. சுடுபவர்கள் ஐந்து நிலைகளில் நிற்பர். அவர்களுக்கு 15 மீட்டர் முன்னால் உள்ள நீண்ட பள்ளத்தில் 15 எறிபொறிகள் இருக்கும். 25 வட்டுகள் கொண்ட ஒரு சுற்றில் ஒவ்வொருவருக்கும் இடப்புறம் 10, வலப்புறம் 10, நேரே 5 என்னும் கணக்கில் வட்டுகள் வரும். வரிசை மட்டும் மாறும். முறைமை எந்த அளவுக்குச் செம்மைப்பட்டுள்ளது என்பதற்கு இஃதொரு சான்று.

ஸ்கீட் பிறந்த கதை சுவையானது. அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்து ஆண்டோவர் ஊரில் சார்லஸ் டேவிஸ் என்னும் வேட்டையாளர் இருந்தார். பறவை எத்திசையிலிருந்து எழுந்தாலும் சுடப் பழகவேண்டும் என்று கருதி, முதல் உலகப் போர்க் காலத்தை ஒட்டி, தரையில் கடிகாரம் போல் வட்டம் வரைந்து, எண்ணுக்கு எண் நகர்ந்து மண் புறாக்களைச் சுட்டுப் பழகினார். அப்போது பக்கத்து நிலத்துக்காரர் கோழிப் பண்ணை ஒன்றைத் தொடங்கினார். கோழிகளின்மேல் ரவை பொழிவது முறையன்று. எனவே டேவிசும் அவர் கூட்டாளிகளும் வட்டத்தைப் பாதியாக்கி, எதிர்ப்புறத்தில் இரண்டாவது எறிபொறியை வைத்தனர். வெடி எல்லாம் ஒரே பக்கம் சென்றது, கோழிகளும் பிழைத்தன, ஆட்டமும் சிறந்தது. இன்றைய ஸ்கீட் களம் அரைவட்டமாயிருப்பதன் காரணம் இதுவே. அவர்களுள் ஒருவரான வில்லியம் ஃபாஸ்டர், தாம் பணிபுரிந்த இதழின் வாயிலாக 1926இல் இவ்வாட்டத்துக்குப் பெயர் சூட்டும் போட்டி நடத்தினார். மான்டனா மாநிலத்துக் கெர்ட்ரூட் ஹர்ல்பட் அம்மையார் 'ஸ்கீட்' என்ற பெயரைத் தந்து 100 டாலர் பரிசு பெற்றார். ஸ்காண்டிநேவிய மொழியில் 'சுடு' என்பதன் வடிவம் அது என்பர்.

டிராப் 1900க்குப் பின் 1908, 1912, 1920, 1924 ஒலிம்பிக் விழாக்களில் இடம் பெற்று, பிறகு நீண்ட காலம் மறைந்து, 1952இல் ஹெல்சிங்கியில் மீண்டது. அங்கே தங்கம் வென்ற கனடா நாட்டு ஜார்ஜ் ஜெனரோவுக்கு வயது பதினேழுதான். ஸ்கீட் 1968 மெக்சிகோ விழாவில் சேர்ந்தது.

சிறிய நாடுகளும் பெண்டிரும்

குறி ஒன்றானபோது களம் அகன்றது. செல்வர்களின் பந்தயமாயிருந்தது சிறிய நாடுகளின் புகழ்மேடையாயிற்று. குவைத்தின் முதல் ஒலிம்பிக் பதக்கத்தை 2000இல் ஃபெகைத் அல்-டீகானி பெற்றது ரவைத் துப்பாக்கியால். ஐக்கிய அரபு நாடுகளின் முதல் தங்கத்தை 2004இல் அகமது அல் மக்தூம் பெற்றதும் அதனால்தான். 2020ஆம் ஆண்டுக்குரியதாய் 2021இல் நடந்த தோக்கியோ விழாவில், சுமார் 34,000 மக்களே வாழும் சான் மரினோ நாட்டின் அலெஸ்ஸாண்ட்ரா பெரில்லி வெண்கலம் வென்று தம் நாட்டுக்கு முதற் பதக்கம் தேடித் தந்தார். 2024 பாரிஸ் விழாவில் குவாத்தமாலா நாட்டின் முதல் தங்கத்தை வென்றவர் அட்ரியானா ருவானோ. உடற்பயிற்சி வீராங்கனையாயிருந்து முதுகெலும்பில் ஊறுபட்டு அத்துறையை விட்டவர் அவர். மருத்துவர் இவ்விளையாட்டைக் கைக்கொள்ளலாம் என்றார்; மண் புறா அவருக்கு மறுவாழ்வு தந்தது.

ஆனால் அளவு நேர்மையாயிருந்தும் மனிதர் நேர்மையாயிராத காலமும் உண்டு. 1992 பார்சலோனா விழாவில் ஸ்கீட் போட்டியில் ஆடவரும் பெண்டிரும் ஒன்றாகவே போட்டியிட்டனர். சீன நாட்டு ஷாங் ஷான் என்னும் பெண் தகுதிச் சுற்றுகளில் 200க்கு 200 எடுத்தார். மொத்தம் 225இல் 223 பெற்று ஆடவர் அனைவரையும் வென்று தங்கம் அடைந்தார். அடுத்த 1996 விழாவில் நடந்தது என்ன? ஸ்கீட் ஆடவருக்கு மட்டும் என்றாயிற்று. பெண்டிருக்கென ஸ்கீட் போட்டி இல்லை. வென்றவர் தம் பட்டத்தைக் காத்துக்கொள்ளக் களமே இல்லாமற் போயிற்று! 2000 சிட்னி விழாவில்தான் பெண்டிருக்கு டிராப் போட்டியும் ஸ்கீட் போட்டியும் தனியே ஏற்பட்டன. தோக்கியோவில் டிராப்பிலும் 2024 பாரிசில் ஸ்கீட்டிலும் ஓர் ஆடவரும் ஒரு பெண்ணும் இணைந்து ஆடும் போட்டிகள் வந்தன. மண் வட்டுக்கு ஆண் யார், பெண் யார் என்று தெரியாது. அவ்வுண்மையை மனிதர் ஒப்புக்கொள்ளத்தான் காலம் பிடித்தது.

பாட்டனும் பேரனும்

இந்தியாவில் இம்மாற்றத்தை ஒரே குடும்பத்துள் காணலாம். ராஜஸ்தானத்துப் பிகானேர் மன்னர் கங்கா சிங் தம் கஜ்னேர் ஏரிக்கரையில் நடத்திய கல்கௌதாரி வேட்டை உலகப் புகழ் பெற்றது. ஆங்கில அரசப் பிரதிநிதிகளும் அயல்நாட்டு இளவரசர்களும் அழைப்புக்குக் காத்திருந்தனர். அவருடைய பேரன் கர்ணி சிங்கோ மண் புறாச் சுடுவதில் ஈடுபட்டு, 1960 முதல் 1980 வரை ஐந்து ஒலிம்பிக் விழாக்களில் இந்தியாவின் சார்பில் நின்றார். 1962இல் கெய்ரோவில் நடந்த உலகப் போட்டியில் வெள்ளிப் பதக்கம் பெற்றார். பாட்டன் கையில் வேட்டைக் கருவியாயிருந்தது, பேரன் கையில் விளையாட்டுக் கருவியாயிற்று. 2004 ஏதென்ஸ் விழாவில், இரு வட்டுகளை ஒருங்கே எறியும் 'டபிள் டிராப்' போட்டியில் ராஜ்யவர்தன் சிங் ராத்தோர் வெள்ளி வென்றார். விடுதலை பெற்ற இந்தியாவுக்குத் தனிப்பட்ட ஒருவர் வென்ற முதல் ஒலிம்பிக் வெள்ளி அதுவே. அவ்வகைப் போட்டி 2016க்குப் பின் ஒலிம்பிக்கிலிருந்து நீங்கிற்று. தமிழ்நாட்டுப் புதுக்கோட்டை அரச குடும்பத்தைச் சேர்ந்த பிருத்விராஜ் தொண்டைமான், 2023இல் ஹாங்சௌ நகரில் நடந்த ஆசிய விளையாட்டு விழாவில் டிராப் குழுப் போட்டியில் தங்கம் வென்ற இந்தியக் குழுவில் ஒருவர். 2024 பாரிஸ் விழாவிலும் கலந்துகொண்டார்.

சொல்லில் எஞ்சியவை

கல்வெட்டு அழிந்த இடத்திலும் சொல் சான்று பகரும். இன்று எறிபொறியை இயக்குவது மின்சாரம். சுடுபவரின் குரலைக் கருவி கேட்டவுடன் வட்டு பாய்கிறது. இழுக்கக் கயிறு இல்லை. ஆயினும் 'இழு' என்னும் பொருள் தரும் 'புல்' என்றே பலர் இன்றும் கூவுகின்றனர். உடைந்த வட்டு வெளிப்பட்டால் நடுவர் 'நோ பேர்ட்' என்கிறார். 'பறவை இல்லை' என்பது பொருள். பறவை என்றுமே அங்கில்லை! ஜெர்மானியர் இவ்வட்டை இன்றும் 'மண் புறா' என்ற பொருள்படும் சொல்லால் குறிப்பர். பிரெஞ்சுக்காரர் இவ்விளையாட்டை 'பால்-டிராப்' என்கின்றனர். உருண்டைப் பொறி என்பது பொருள். கண்ணாடி உருண்டை மறைந்து நூறாண்டுக்கு மேலாகியும் பிரெஞ்சு மொழியில் அது உடையாமலே இருக்கிறது. ஹர்லிங்ஹாம் சங்கத்தின் சின்னத்திலும் புறா இன்னும் அமர்ந்திருக்கிறது.

தீராத கணக்கு

கணக்கு இத்துடன் தீர்ந்ததா எனின், இல்லை. உயிர்ப் புறாச் சுடுதல் உலகில் இன்னும் அடியோடு ஒழியவில்லை. சுட்ட ஈயமணிகளோ மண்ணில் விழுந்து கிடக்கின்றன. நீர்ப்பறவைகள் பரற்கல் என்று எண்ணி ஈயத்தை விழுங்கி நஞ்சேறி இறக்கும். இதனால் 1991 முதல் அமெரிக்காவில் நீர்ப்பறவை வேட்டைக்கு ஈயரவை கூடாதென்றாயிற்று. ஆனால் ஒலிம்பிக் களத்தில் 2024 வரையில் ஈயமே பயன்பட்டது. வட்டில் கலந்துள்ள கீலும் மண்ணுக்கு நல்லதன்று; மக்கிப்போகும் வட்டுகளைச் சிலர் செய்து வருகின்றனர். குறியை மாற்றியவர்கள் இனிக் குண்டையும் மாற்றவேண்டும். முதல் மாற்றம் ஓர் இனத்தைக் காக்கும் காலத்தைத் தவறவிட்டது. இரண்டாவதும் அவ்வாறு ஆகலாகாது.

பல ஆண்டுகளுக்கு முன் எங்கள் தோட்டப் பள்ளிச் சிறுவர்கள் உண்டிவில்லைச் சட்டைப் பையில் மறைத்து வந்து, இடைவேளையில் மைனாக்களை அடித்து வந்தனர். பிரம்பால் திருத்த முயன்றேன். வில் மறைந்தது, பழக்கம் மறையவில்லை. பிறகு வேலிக்கம்பத்தில் காலிப் பால் டின்களை அடுக்கி, யார் அதிகம் வீழ்த்துகிறார் பார்ப்போம் என்றேன். இரண்டு நாள் ஆடினர். மூன்றாம் நாள் ஒருவன், "டின்னு பறக்க மாட்டேங்குதே, ஐயா!" என்றான். அவன் சொன்னது நியாயமாகவே பட்டது. டின் மூடிகளைத் திரட்டி, நானே பக்கவாட்டில் நின்று சுழற்றி எறியத் தொடங்கினேன். அன்றுமுதல் மைனாவை யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. லிகௌஸ்கியின் பெயரை அப்போது நான் கேள்விப்பட்டதும் இல்லை.

தீயது என்று நாம் கருதும் ஒரு வழக்கத்தை ஒருவனிடமிருந்து பிடுங்கினால் அவன் கை வெறுமையாகிறது. வெறுங்கை மீண்டும் பழையதையே தேடும். அதனினும் நல்ல ஒன்றை அந்தக் கையில் வைத்தால் பழையது தானே நழுவும். வைக்கும் பொருள் அவன் திறமைக்கு ஈடு கொடுக்கவேண்டும். காலம் கடவாமல் வைக்கவும் வேண்டும். மண் புறா முதலாவதை நிறைவேற்றிற்று. இரண்டாவதை நிறைவேற்ற இயலாமற் போனதற்கு மார்த்தாவே சான்று.